அந்த விஷயமா ஒரு போன்

எனக்கில்லம்மா, எனக்கில்ல! எனக்கு ஒண்ணுமே இல்ல, மாஷா அல்லாஹ், கல்லு மாதிரி இருக்கேன். உள்ள போயிருக்காளே, அவளுக்காக வந்தேன். கறுப்பு அபாயா போட்டுக்கிட்டு, செவுத்தப் புடிச்சுக்கிட்டு, ஒப்பாரி வெச்சுக்கிட்டே போனாளே... ஆமா, நீங்க பாக்காம இருந்திருக்க முடியாது, ஆஸ்பத்திரியே எழுந்து நின்னு பாத்துச்சு. அவதான். என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. சொந்தப் பேரு தமாம், மகன் லைத் பொறந்ததுல இருந்து எல்லாருக்கும் உம்மு லைத். கீழ் வீடு அவளுது, மேல் வீடு எங்களுது. நான் எண்ணெயில வெங்காயம் போட்டா, அவ கீழருந்து "இன்னிக்கு என்ன கருகுது?"ன்னு கேப்பா. அப்படி ஒரு ஒட்டு.

"அஞ்சே நிமிஷம் காலா"ன்னு, என்னமோ நான் அவ சித்தி மாதிரி சொல்லிட்டு, இழுத்துட்டுப் போச்சு அந்த நர்ஸுப் பொண்ணு. எங்க அஞ்சு நிமிஷம்? இந்நேரம் நான் ஒரு கூடை கத்திரிக்காய உக்காந்து குடைஞ்சு, அரிசி கறியெல்லாம் அடைச்சு, அடுப்புலயே ஏத்தியிருப்பேன்! கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். இந்த நாற்காலி இருக்கே, இது நல்லா இருக்கறவங்களுக்கு இடுப்பு வலி வரட்டும்னே செஞ்சு போட்டது.

நீங்க எந்த ஊரு? மாதபாவா? நல்லதாப் போச்சு. எங்க ஊரு ஸல்த்துல சொந்தக்காரங்க யாராச்சும்? பொண்ணு குடுத்தது, எடுத்தது? இல்லையே? நிச்சயமா இல்லையே? அப்பாடா. அப்போ பேசலாம். எங்க ஸல்த்துல இந்த மலையில ஒருத்தி தும்மினா, எதிர் மலையிலருந்து "அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்"னு சத்தம் வரும். அப்படிப்பட்ட ஊரு. அதான் பஸ் புடிச்சு தலைநகரத்துக்கு, இந்த அம்மானுக்கு வந்திருக்கோம்.

உங்களுக்கு இந்தப் படம் எடுக்கறது மொதத் தடவையா? ...மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. அட, கைப்பையை ஏம்மா இப்படி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருக்கீங்க, அத யாரு புடுங்கப் போறா? பயப்படாதீங்க, வலிக்காது. அதாவது... வலிக்காதுன்னு சொல்றாங்க. இடுப்புக்கு மேல எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்க. ரெண்டு தட்டு இருக்கும், ஐஸ் மாதிரி ஜில்லுனு. நடுவுல தூக்கி வெச்சு... ஆமா, அதைத்தான்... மாவு உருண்டைய ரொட்டிக்கு அமுக்கற மாதிரி மேல இருந்து அமுக்குவாங்க. "மூச்சு விடாதீங்க காலா"ம்பா. அடியே, மூச்சு எங்கடி இருக்கு விடறதுக்கு! அபூ ஸுஹைப்புக்கு நான் வாக்கப்பட்டு இத்தனை வருஷம், வெளக்கு வெளிச்சத்துல அந்த மனுஷனுக்கே காட்டாதத, என் பேத்தி வயசுல ஒரு பொண்ணு, சூயிங்கம் மென்னுக்கிட்டே, அப்படித் திருப்பி இப்படித் திருப்பி... அப்படீன்னு... கேள்விப்பட்டேன். ஊர்ல சொல்லிக்கறாங்க. நான் எதுக்கு இதெல்லாம் எடுத்துக்கப் போறேன்?

இந்த உம்மு லைத்துக்கு வருவோம். போன வாரம் அவளுக்கு ஒரு போன் வந்துச்சும்மா. ஒரே ஒரு போன்! அதுல இருந்து எங்க வீட்டுல தூக்கம் இல்ல, துடைப்பம் புடிக்க ஆள் இல்ல, மனுஷங்க நிம்மதியா ஒரு டீ குடிக்க வழி இல்ல. யாரோ ஒரு பொண்ணு, நல்ல மரியாதையான பொண்ணுதான், "தமாம் அம்மாங்களா? அன்னிக்குப் பாத்தோமே, அந்த விஷயமா பேசறேன். சின்னதா ஒரு சந்தேகம். அம்மானுக்கு வந்து இன்னொரு தடவ பாத்துக்கிட்டா நல்லது. பயப்படாதீங்க, நம்மள விட்டு அது தூரமா இருக்கட்டும்"னிருக்கா. அவ்வளவுதான். பேர் சொல்லல. யாரு சொல்லுவா அதோட பேர? "அந்த நோய்"ம்போம், "அது"ம்போம், சொல்லும்போதே கழுத்துப் பட்டன இழுத்து உள்ள எச்சித் துப்புவோம். டாக்டருக்குப் படிச்ச என் தங்கச்சி மகனே "அது"ன்னுதான் சொல்றான்னா பாத்துக்கங்க.

உம்மு லைத் சக்கரைக்கு ரத்தம் குடுத்திருந்தா, சுகாதார நிலையத்துல. போன் வந்த அதே வாரம்தான். போன்ல "அந்த விஷயம்"ன்னதும், என் ரத்தத்துல அது இருக்குன்னு முடிவு பண்ணிட்டா. போனு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். கீழருந்து அவ வீட்டுக்காரர் அபூ லைத் அலறின அலறல்ல நான் செருப்பு கூட இல்லாம ஓடினேன். தரையில கெடக்கா. மூஞ்சியில ஆரஞ்சுப் பூத் தண்ணி தெளிச்சா, கண்ணத் தொறந்து என்னப் பாத்து, "உம்மு ஸுஹைப், நான் செத்தா என்ன கழுவிக் குளிப்பாட்றது நீயாத்தான் இருக்கணும், ஊர்ல மத்தவங்களக் குளிப்பாட்ற அந்த உம்மு ஹானி வேண்டாம், அவ கை முரடு"ங்கறா!

அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க, மன்னிப்புக் கேக்கற படலம். சாகறதுக்கு முன்னாடி யாரு மனசும் நோகாம போகணுமாம். கசாப்புக் கடைக்காரன்கிட்ட போய் மன்னிப்பு, எதுத்த வீட்டுக்காரிகிட்ட மன்னிப்பு. மூட்டு வலியோட படியேறி எங்க வீட்டுக்கும் வந்தா. "உன் கல்யாணத்தன்னிக்கு, பொண்ணு குட்டை, கழுத்தே காணோம்னு சொன்னது நான்தான்"னா. நானு இத்தனை வருஷமா அத மாமியா சொன்னதுன்னு நெனச்சு, செத்த மனுஷிய மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருக்கேன்! "ரமளான்ல ஒரு தடவ, உன் சூப்புல உப்புப் பத்தலன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன், உப்பு சரியாத்தான் இருந்துச்சு"ன்னா. அது எனக்குத் தெரியும்டி, அன்னிக்கே தெரியும்!

அப்புறம் போயி அண்டாவத் தூக்கிட்டு வந்தா. தூக்கிட்டு எங்க வர, ரெண்டு மகனுங்கள விட்டுத் தூக்க வெச்சா. மாமியா விட்டுட்டுப் போன செம்பு அண்டா. முழு ஆடு வேகும் அதுல. மாமியா போன நாள்ல இருந்து எனக்கும் அவளுக்கும் அதுலதான் சண்டை. ரெண்டு பெருநாளைக்குப் பேச்சே இல்லாம இருந்தோம் அந்த அண்டாவால. "நீயே வெச்சுக்க"ன்னா. "நான் போறவ, எனக்கு எதுக்கு"ன்னா. என்ன கேட்டீங்க? ...வாங்கிக்கிட்டேன். ஆமா, வாங்கிக்கிட்டேன்! என்ன அப்படிப் பாக்கறீங்க? வேண்டாம்னு சொன்னா அவ மனசு நோகாதா? புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன், பளபளன்னு.

இந்தாங்க, எள்ளு ரொட்டி. தின்னுங்க. இந்த டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வரணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல... அதுவும் கேள்விப்பட்டதுதான்.

இத்தனைக்கும் நடுவுல, போன வியாழக்கிழமை என் மக ஹாலாவக் கேட்டு மாப்பிள்ள வீட்டுப் பெரியவங்க வந்தாங்க. அப்படி ஒரு கூட்டம், தெரு பூரா காரு. எல்லாருக்கும் தயிர்ல ஆட்டுக்கறிய வேகவெச்சு, சோத்து மேல கொட்டி மன்ஸஃப் போடணும். காய்ஞ்ச தயிர்க் கட்டிய ஊறப் போட்டுக் கரைக்கறது இருக்கே, அது ஒரு ஆளத் தின்னுடும். சமையலுக்கு ஆள் சொல்லலாம்னு நெனச்சேன். விடியறதுக்கு முன்னாடி கீழ சத்தம். எறங்கிப் பாத்தா இவ. தலையில துணியக் கட்டிக்கிட்டு, சட்டக் கைய மேல சுருட்டிக்கிட்டு, தயிரக் கரைச்சுக்கிட்டு நிக்கறா. "ஹாலாவுக்கு நான் செய்யறது இதோட சரி, இதுல வேற யாரும் கை வைக்கக் கூடாது"ங்கறா. அழுதுக்கிட்டே கரைக்கறா. கண்ணீரெல்லாம் அதுலதான் விழுந்துச்சு, அன்னிக்கு உப்பே தேவப்படல. பெரியவங்க வந்து உக்காந்து, காப்பிக் கோப்பையக் கையில வெச்சுக்கிட்டு, "நாங்க கேட்டது கெடச்சாத்தான் குடிப்போம்"னு சொல்லி, எங்க ஆளுங்க "குடிங்க, உங்க பொண்ணுதான்"னு சொல்லி... எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அந்த மன்ஸஃப் பேச்சு இன்னும் ஊர்ல ஓயல. அவங்க கை நக்கித் தின்னது என் அண்டாவுல ஆக்கினது... அவ அண்டாவுல... யாரோ ஒருத்தி அண்டாவுல.

என்ன? சத்தமாச் சொல்லுங்க. ...சக்கரைக்கு ரத்தம் குடுத்தவள எதுக்குப் படம் எடுக்கற எடத்துக்குக் கூப்பிட்டாங்கன்னா?

கெட்டிக்காரிதான் நீங்க. எங்க வீட்டுல இத்தனை பேர், காலேஜ் படிச்சவங்க ரெண்டு பேர், ஒருத்தருக்கும் அது தோணல. மாதபாக்காரங்களுக்கு மூளை ஜாஸ்தி.

...

கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. யாருக்கும் சொல்லக் கூடாது, உங்க புள்ளைங்க மேல ஆணை. சரி. அந்தப் போன் அவளுக்கு வந்ததில்ல. அதாவது அவ போனுக்குத்தான் வந்துச்சு, ஆனா... எனக்கு வந்தது.

இருங்க, இருங்க, அப்படிக் கண்ண விரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க. எல்லாத்துக்கும் காரணம் அந்த சுகாதார நிலையத்து டாக்டரம்மாதான். பிரஷர் மாத்திரைக்குப் போனேன். "அம்பது தாண்டியாச்சா? மார்புப் படம் எடுத்தாச்சா? எடுக்கலன்னா மாத்திரை எழுத மாட்டேன்"னு ஒரே புடி. சங்கத்து மண்டபத்து வாசல்ல படம் எடுக்கற வண்டி வந்து நிக்குது, வெள்ளையா, ரோஸ் கலர் ரிப்பன் ஒட்டி, காசெல்லாம் வேண்டாம், போயிட்டு வாங்கன்னா. சரி, தொலையட்டும்னு போனேன். மேசையில பேர் எழுதற பொண்ணு உக்காந்திருக்கா. நெஞ்சுல பேர் அட்டை. பாத்தேன்... அல்லாஹ்வே! மாப்பிள்ள வீட்டுக் குடும்பப் பேரு! அவளுக்கு என் மூஞ்சி தெரியாது, ஆனா என் பேரு தெரிஞ்சிருக்கும், அவங்க வீட்டுல அப்போ எங்க குடும்பத்தப் பத்தித்தான பேச்சு. நான் "வஸ்பிய்யா"ன்னு வாயத் தொறந்தா, சாயங்கால டீக்குள்ள மாப்பிள்ளயோட அம்மா காதுல இருக்கும். "பொண்ணோட அம்மா அதுக்குப் பாக்க வந்திருந்தாளாம்." பாக்க வந்ததுதான், இருக்குன்னு இல்ல! ஆனா யாரு கேப்பா? அம்மாவுக்கு இருந்தா மகளுக்கு வரும், ரத்தம்பாங்க. வியாழக்கிழமை ஒரு காரு வந்திருக்காது எங்க தெருவுக்கு.

"பேரு?"ங்கறா. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். "தமாம்." அவ அப்பா பேரோட சேத்துச் சொன்னேன். அடையாள அட்ட கேட்டா, வீட்டுல மறந்துட்டேன்னேன். நம்பர் கேட்டா, அவ நம்பரச் சொன்னேன். எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் அதுதான், தண்ணி லாரி வந்துச்சான்னு நாள்பூரா கூப்பிடறேனே. நான் கெட்ட எண்ணத்துல செய்யலம்மா, யோசிச்சுப் பாருங்க. அவளுக்கு ரெண்டும் பசங்க, ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. அவ பேர் கெட்டா என்ன ஆயிடப் போவுது? ஹாலாவுக்கு அவ பெரியம்மாதான், ரத்தம் கெடையாதே! எல்லாப் பக்கமும் யோசிச்சுத்தான் சொன்னேன். திருப்பிக் கூப்பிடுவாங்கன்னு மட்டும் யோசிக்கல.

அன்னிக்கே சொல்லியிருக்கணும். அவ தரையில கெடந்தாளே, அப்பவே. சொல்லத்தான் வாயெடுத்தேன். வியாழக்கிழமை முடியட்டும்னு நெனச்சேன். வியாழக்கிழமை முடிஞ்சுது, கல்யாணம் முடியட்டும்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில அவள பஸ் ஏத்தும்போது, அம்மான் வரட்டும்னு நெனச்சேன். இங்க வந்ததும், "போன தடவ எடுத்த மாதிரியே நில்லுங்க"ங்கறா அந்த நர்ஸு. "போன தடவ கையிலதான குத்துனாங்க?"ங்கறா இவ. நர்ஸு முழிக்கறா. நான் பாஞ்சு போய், "பயத்துல உளர்றாம்மா, தூங்கி ஒரு வாரம் ஆச்சு"ன்னு சொல்லி நானே உள்ள தள்ளி விட்டேன். என் கையாலயே.

இல்ல, எனக்கு ஒண்ணும் இருக்காது. நீங்க அதுக்குள்ள எனக்கு ஜனாஸா தூக்காதீங்க. அன்னிக்கு நான் படிகாரப் பொடி பூசிட்டுப் போயிருந்தேன், அக்குள்ள, கை நெறைய. மரியாதையான பொம்பள, நாலு பேர் இருக்கற எடத்துக்கு வேர்வ நாத்தத்தோட போவாளா? எடுத்து முடிச்சப்புறம் அந்தப் பொண்ணு சொல்லுது, "பொடி ஏதும் போட்டுட்டு வரக்கூடாது காலா, படத்துல வெள்ளப் புள்ளியா விழும்"னு. மொதல்ல சொல்லக் கூடாதா? அதான். அந்தப் புள்ளியாத்தான் இருக்கும். படிகாரம்மா, படிகாரம்! வேற என்ன இருக்கப் போவுது? நீங்க ஏதும் பூசிக்கிட்டு வரலையே? நல்லது.

...படிகாரந்தான்.

படிகாரந்தான்னு ஒரு வார்த்த சொன்னா உங்க வாயி தேஞ்சா போயிடும்?

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? அவ பேர்ல இருக்கற வரைக்கும் அது அவளோடது. நான் அவளுக்கு சூப் வெச்சுக் குடுத்தேன், முதுகத் தடவி விட்டேன், "ஒண்ணும் இருக்காதுடி, அல்லாஹ் பெரியவன்"னு தைரியம் சொன்னேன். என்னா நல்லாச் சொன்னேன் தெரியுமா? அப்படி எனக்கு யாரு சொல்லுவா? நான்தான்னு சொன்ன அந்த நிமிஷம் அது என்னோடது ஆயிடும்லம்மா. எனக்குப் பயமா இருக்கு. செத்துப் போற பயம். ஹாலா தலையில நான் கை வெச்சு வழியனுப்பணும். அதுக்கு நான் இருக்கணும். இப்போ உள்ள எடுக்கற படத்துல அவளுக்கு ஒண்ணும் இருக்காது, அவ எருமை, அவளுக்கு என்ன. "தமாமுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு எழுதி மூடிடுவாங்க. அப்புறம் என்ன யாரு கூப்பிடுவா? எந்தப் போனும் வராது. நான் ஸல்த்துக்குப் போயி, கத்திரிக்கா குடைஞ்சுக்கிட்டு...

எங்க எழுந்துக்கறீங்க? உக்காருங்க! நர்ஸுகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க அபாயாவ விட மாட்டேன், கிழிஞ்சா நீங்கதான் பொறுப்பு. புள்ளைங்க மேல ஆணை போட்டீங்களே! ...சரி, போடல. நான்தான் போட்டேன். ஆனாலும் உக்காருங்க. கதவு தொறக்குது. உஷ். மூஞ்சிய சாதாரணமா வெச்சுக்கங்க.

என்ன, உம்மு லைத்? என்ன சொன்னாங்க? ...மெதுவாச் சொல்லு, மூச்சு வாங்கிக்க. ...ஒண்ணும் இல்லையா? சுத்தமாவா? ...பழைய படத்துல இருந்தது இதுல இல்லவே இல்லையாமா? டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்களா? ...ஆமா ஆமா, உன் துஆதான், வேற என்ன. அல்ஹம்துலில்லாஹ். கேக்குது, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, எதுக்கு இப்படிக் கத்தற.

ஐயோ, ஆஸ்பத்திரியில குலவ போடறா! அடியே, எல்லாரும்... பாருங்களேன், யாருன்னே தெரியாத பொம்பளைங்கல்லாம் கூடச் சேந்து போடறாங்க. அந்த நர்ஸு கூட. நீங்க மட்டும் ஏம்மா போடாம என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? பாக்காதீங்க. நானும் போடறேன், போடத்தான் போறேன், நாக்குதான் சொழல மாட்டேங்குது...

உம்மு லைத். என்னக் கட்டிப் புடிக்காத. விடு. நன்றி கின்றின்னு ஆரம்பிக்காத, நான் என்ன பெருசா பண்ணிட்டேன். "உன்ன மாதிரி ஒருத்தி"யா? வேண்டாம், அத மட்டும் சொல்லாத. நிறுத்துன்னா! நிறுத்துங்கம்மா எல்லாரும், செத்த நேரம் குலவைய நிறுத்துங்க!

உக்காரு இங்க. உம்மு லைத்... அந்தப் போன் உனக்கு வந்ததில்ல. எனக்கு வந்தது. ஆமா, எனக்குத்தான். அந்த வண்டியில ஏறிப் படம் எடுத்துக்கிட்டது நானு. உன் பேரச் சொல்லிட்டேன், உன் நம்பரக் குடுத்துட்டேன். ஹாலாவுக்காக... இல்ல, பயத்துல. உனக்கு எதுவுமே இல்லன்னு எனக்குத் தெரியும், ஒரு வாரமா தெரிஞ்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன்.

திட்டு. திட்டேன்! உன் வாய்க்கு இன்னிக்கு என்ன வந்துச்சு? செருப்பு வேணும்னா கூடக் கழட்டு, இவங்க யாரும் தடுக்க மாட்டாங்க. எதுக்கு இப்படி என் நெஞ்சையே பாத்துக்கிட்டு நிக்கற... அழறியா? உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, இப்போ எதுக்கு அழற?

ஏய், எங்க... கைய விடு! இப்பவேவா? வேண்டாம் உம்மு லைத், நாளைக்கு வருவோம், நான் பொடி கூடப் போட்டிருக்கேன்... கழுவிக்கலாமா? எங்க கழுவறது, வெக்கமில்லாம... எல்லாரும் பாக்கறாங்க. கதவ ஒடைச்சுடாத, தொறந்துதான் இருக்கு. மாதபாக்காரம்மா, என் பைய செத்த பாத்துக்கங்க.

பேரா? நீ வாய மூடு, நானே சொல்றேன். எழுதிக்கம்மா. வஸ்பிய்யா. ஆமா, வஸ்பிய்யா, சத்தமாத்தான் சொல்றேன், நல்லா எழுதிக்க. இதுதான் என் நம்பர்... என் நம்பர் எனக்குத் தெரியாதே, உம்மு லைத், நீ சொல்லு. ஐயோ, உன் நகம் குத்துது, ரத்தம் வந்துடும் போல... பரவாயில்ல. கைய விடாத.